தேய்ப்பது கொஞ்சம், காப்பது நிறைய

சித்திரை வெயில் ஏறியதும் சித்தூர், திருப்பதித் தங்கச்சிகள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, முகமும் கையும் கறுத்துப் போச்சு. எதைப் போட்டுத் தேய்க்கட்டும்?" 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் வெயில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கொளுத்துகிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஸ்கூட்டி ஓட்டிப் போகிறவளுக்கும், கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்கும், மாந்தோப்பில் வேலை செய்கிறவளுக்கும் தோல் கறுக்கத்தான் செய்யும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேய்த்து யாரும் வெளுத்ததில்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலை அழுத்தித் தேய்த்தால் இருக்கிற கறுப்பு இன்னும் கூடும். இறந்த தோலை நீக்குவது நல்லதுதான். அதை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மென்மையாகச் செய்தால் போதும். மீதி நாளெல்லாம் தோலைக் காப்பதுதான் வேலை. எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

தோல் தானே உதிர்கிறது

மேல்தோலின் அடியில் புதுச் செல்கள் பிறந்து மெல்ல மேலே வந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. இளவயதில் இந்தச் சுற்றுக்குச் சுமார் 28 நாள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் நாள் பிடிக்கும். அதனால்தான் அம்மாவின் முழங்கையும் குதிகாலும் உன்னுடையதை விடச் சொரசொரப்பாக இருக்கின்றன. நாம் தேய்ப்பது இந்த உதிர்தலுக்குச் சின்ன ஒத்தாசை, அவ்வளவுதான்.

மேலே இருக்கும் அந்தக் காய்ந்த அடுக்கு வீண் அழுக்கு என்று நினைக்காதே. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாமலும் பிடித்து நிற்பது அதுதான். ஓட்டு வீட்டில் கூரை அழுக்காக இருக்கிறதென்று ஓட்டையே பெயர்த்தால் வீடு பளிச்சென்று ஆகாது, ஒழுகும். தோலும் அப்படித்தான். அளவுக்கு மீறித் தேய்த்தால் எரிச்சல், சிவப்பு, பொருக்கு வரும். பிறகு நம் நிறத்தவர்க்கே உரிய தொல்லை ஒன்று தொடங்கும். புண்பட்ட இடத்தில் தோல் கூடுதலாக மெலனின் என்ற நிறமியைச் சுரந்து, அந்த இடம் மாதக் கணக்கில் கறுத்துக் கிடக்கும். பருவைக் கிள்ளினால் கறுப்புப் புள்ளி நிற்பதும் இதே காரணத்தால்தான்.

நைலான் நாரைக் குப்பையில் போடு

குளியலறையில் தொங்குகிற பச்சை, ரோஸ் நிற நைலான் நாரைப் பார். அதை வைத்து முதுகையும் தோளையும் கைகளையும் வருடக்கணக்கில் பரபரவென்று தேய்ப்பவர்களுக்கு அந்த இடங்களில் பழுப்புக் கறுப்பு படியும். சிலருக்கு மேல்முதுகிலும் முன்கையிலும் கணுக்காலுக்கு மேலும் வரிவரியாகக் கறுக்கும். மேல்தோலுக்கு அடியில் அமிலாய்டு என்ற புரதம் படிவதால் வருவது அது. தோல் டாக்டர்கள் இதைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எதை வைத்துத் தேய்க்கிறீர்கள்?" என்பதுதான். கறுப்பு தெரிகிறதென்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், அது இன்னும் கறுக்கும். முதல் மருந்து தேய்ப்பதை நிறுத்துவது.

பீர்க்கங்காய் நாரும் முகத்துக்கு வேண்டாம். பாதத்துக்கும் முழங்காலுக்கும் வேண்டுமானால், நன்றாக ஊறி மெத்தென்று ஆன பிறகு லேசாகப் பயன்படுத்து. குளித்ததும் பிழிந்து வெயிலில் காய வை. ஈரமாகவே தொங்கும் நாரில் கிருமி குடியேறும். ஒருவர் நாரை இன்னொருவர் தொடக் கூடாது. ஹாஸ்டலில் இருக்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

குளியல் பொடியை இப்படி அரை

நம் வீட்டில் நலங்கு மாவு, பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை வீட்டில் சுன்னிப்பிண்டி. பருப்பும் பயறும் அரைத்துக் குளிக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் உண்டு. உடம்புக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். என் அளவு:

பச்சைப்பயறு 250 கிராம்
கடலைப்பருப்பு 100 கிராம்
பச்சரிசி 50 கிராம்
காய்ந்த ஆவாரம்பூ 50 கிராம்
காய்ந்த ரோஜா இதழ் 50 கிராம்
வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு வகைக்கு 25 கிராம்
கஸ்தூரி மஞ்சள் 20 கிராம்

எல்லாவற்றையும் வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்து மில்லில் கொடு. அங்கே ஒரு விஷயம் கவனி. உனக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் அந்தக் காரம் உன் பொடியில் இறங்கிவிடும், குளிக்கும்போது கண்ணும் தோலும் எரியும். அரிசி மாவு அரைக்கிற மெஷினில் போடச் சொல். இல்லையென்றால் முதலில் ஒரு பிடி அரிசியை ஓட்டி எடுத்துவிட்டு உன்னுடையதைப் போடச் சொல். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய வெள்ளைத் துணியில் சலி. சல்லடையில் சலித்த பொடி கைக்கு மென்மையாக இருந்தாலும் கன்னத்தில் குத்தும். விரல் நுனியில் எடுத்து உதட்டின் மேல் தடவிப் பார், நறநறவென்று தெரிந்தால் இன்னொரு முறை சலி.

சிலர் கார்போக அரிசியும் சேர்ப்பார்கள், தெலுங்கில் பாவஞ்சாலு. அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் தோல் வெந்து கறுக்கும். வெண்புள்ளிச் சிகிச்சையில் டாக்டர் கண்காணிப்பில் பயன்படுத்துவதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். தினமும் வெயிலில் போகிற உனக்கு அது வேண்டாம்.

பயன்படுத்தும் முறை இது. கையகலக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் பொடி எடுத்துத் தண்ணீரோ மோரோ விட்டு இளகலாகக் கலக்கு. கெட்டியாக இருந்தால் தேய்க்கத் தோன்றும், இளகலாக இருந்தால் தடவத் தோன்றும். ஈரமான உடம்பில் உள்ளங்கையால் தடவி, ஒரு நிமிடம் மெல்ல வட்டமாக உருட்டி, காய்வதற்குள் கழுவிவிடு. காய்ந்து இறுகிய பொடியைச் சுரண்டி எடுப்பதுதான் தோலைக் கெடுக்கிறது. உடம்புக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். பொடி டப்பாவைக் குளியலறையில் வைக்காதே, ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வேண்டிய அளவை மட்டும் காய்ந்த ஸ்பூனால் எடுத்துக்கொண்டு போ.

எண்ணெய்க் குளியல் அன்று நல்லெண்ணெயை உடம்பெங்கும் தடவி இருபது நிமிடம் ஊறினால் இறந்த தோல் இளகி நிற்கும். அதன்மேல் பொடி போட்டால் தேய்க்கவே வேண்டாம், தடவினாலே வந்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். முகத்தில் பரு இருக்கிறவர்கள் முகத்துக்கு எண்ணெய் வைக்காதீர்கள். தேமல் இருக்கிறவர்கள் அது ஆறும் வரை உடம்புக்கும் வைக்காதீர்கள். தேமலை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது.

முகத்துக்கு இவை தேவையில்லை

எலுமிச்சம்பழம்: அதன் சாறு கடும் அமிலம். தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வந்து, பிறகு திட்டாகக் கறுக்கும். ஜூஸ் பிழிந்த கையோடு வெயிலில் போனாலே போதும், புறங்கையில் தெறித்த புள்ளியெல்லாம் கறுப்பாக நிற்கும்.

சர்க்கரை, காபித்தூள், உப்பு, வால்நட் ஸ்கிரப்: துகள் பெரிது, முனை கூர்மை. கண்ணுக்குத் தெரியாமல் கீறும். காலுக்கு வேண்டுமானால் சரி.

சமையல் சோடா: தோல் இயல்பாகவே லேசான புளிப்புத் தன்மை உடையது, பி.எச். ஐந்தை ஒட்டி இருக்கும். சோடா அதைக் குலைத்துவிடும். சாதாரணச் சோப்பின் பி.எச். ஒன்பது, பத்து வரை போகும். முகத்துக்குச் சோப்பை விட நுரை குறைந்த ஃபேஸ்வாஷ் நல்லது என்பது அதனால்தான். உங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பின் படிவு தோலிலேயே நின்று வறட்டும். கடைசி ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் முகம் கழுவிக்கொள்.

டூத்பேஸ்ட்: பருவின் மேல் வைத்தால் காய்கிறது என்பார்கள். காய்வதில்லை, வேகிறது.

ரக்த சந்தனம்: நம் சேஷாசல மலையின் செம்மரம்தான் இது. உலகத்தில் வேறெங்கும் இயல்பாக வளராமல் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியில் மட்டும் வளர்கிற, அழியும் அபாயத்தில் உள்ள மரம். கல்லில் இழைத்துப் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், அதற்கு மேல் அதிசயம் எதையும் எதிர்பார்க்காதே. செம்மரத்துக்கு மணம் கிடையாது. கமகமவென்று மணக்கும் ரக்த சந்தனப் பொடியில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. பில் இல்லாமல் யாராவது கட்டையாகக் கொண்டுவந்து விற்றால் வாங்கவே வாங்காதே. அந்த மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டுவதும் விற்பதும் குற்றம். அதற்குக் கூலிக்குப் போய்ச் சிறையில் கிடக்கும் ஏழைகள் ஆந்திரத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு.

தேய்க்காமலே உரிப்பது

தேய்க்காமலே இறந்த தோலை உதிர்க்க ஒரு வழி உண்டு. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிடியை மென்மையான அமிலம் தளர்த்திவிடும். அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்ற இருவர் 1974-ல் தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் நோயாளிகளுக்கு இத்தகைய அமிலங்கள் பலன் தருவதை எழுதினார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஏ.எச்.ஏ. (ஆல்ஃபா ஹைட்ராக்ஸி ஆசிட்) கிரீம், சீரம் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

கிளைகாலிக் ஆசிட் கரும்பில் உள்ளது. லாக்டிக் ஆசிட் தயிரில் உள்ளது. கரும்பும் வெல்லமும் நம் ஊரில் இருக்கிறதே என்று வெல்லத்தைக் குழைத்துத் தேய்த்தால் அந்தப் பலன் வராது. எறும்புதான் வரும். புளிக்காத தயிரை ஐந்து நிமிடம் பூசிக் கழுவுவது மென்மையான வழி, வறண்ட தோலுக்கு அது போதும்.

கடையில் வாங்கினால் இப்படித் தேர்ந்தெடு. வறண்ட, எளிதில் எரிகிற தோலுக்கு லாக்டிக் ஆசிட் 5 சதவீதம். எண்ணெய் வழியும், கரும்புள்ளி, பரு உள்ள முகத்துக்குச் சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம். அது எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கும். கிளைகாலிக் ஆசிட் வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 30, 40 சதவீதம் என்று ஆன்லைனில் கிடைக்கும் பீல் பாட்டில்களை வீட்டில் தொடாதே, அது டாக்டர் கையில் இருக்க வேண்டிய பொருள். மேல்கையில் மயிர்க்கால்கள் சொரசொரவென்று கோழித்தோலாக நிற்கிறவர்களுக்கு யூரியா 10 சதவீதம் அல்லது லாக்டிக் ஆசிட் கலந்த லோஷன். தேய்த்தால் அது போகாது.

முதலில் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார். எரியாமல், அரிக்காமல் இருந்தால் இரவில் மட்டும், வாரத்துக்கு ஒரு முறை தொடங்கு. ஒத்துக்கொண்டால் இரண்டு முறை. அன்றைக்கு அந்த இடத்துக்கு ஸ்கிரப்பும் பொடியும் வேண்டாம். வேக்ஸிங், த்ரெடிங் செய்வதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் எதுவும் வேண்டாம். அடுத்த நாள் காலை சன்ஸ்கிரீன் கட்டாயம், ஏனென்றால் அமிலம் பட்ட தோலை வெயில் சீக்கிரம் சுடும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ரெட்டினாலோ சாலிசிலிக் பீலோ தொடக் கூடாது.

எவ்வளவு தேய்த்தாலும் போகாதவை

இந்தப் பகுதியைத்தான் நீ மனப்பாடம் செய்ய வேண்டும். அழுக்கு என்று நினைத்து நாம் தேய்க்கிற பல, அழுக்கே அல்ல.

கழுத்துக் கறுப்பு: கழுத்தின் பின்னால், அக்குளில், வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். "குளிக்கிறதே இல்லையா" என்று பெண்பிள்ளைகளை வீட்டில் திட்டுவார்கள், அந்தப் பிள்ளை அழுதுகொண்டே தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்குத் தேவை சோப்பு அல்ல, சர்க்கரைப் பரிசோதனை. மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, எடை ஏறுவது சேர்ந்திருந்தால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வந்தால் கழுத்துக் கறுப்பும் மெல்லக் குறையும்.

மங்கு: கன்னத்திலும் மூக்கின் மேலும் பழுப்புத் திட்டு. வெயில், கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை எல்லாம் காரணமாகலாம். தேய்த்தால் பரவும். வெளிச்சமே அதைக் கறுக்கச் செய்வதால், அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் இவர்களுக்கு நல்லது.

படர்தாமரை: இடுப்பு, தொடை இடுக்கில் வட்டமாக அரிக்கும். உடம்பு வேர்க்கும் ஊரில் இறுக்கமான ஜீன்ஸும் ஈர உள்ளாடையும் அதை வளர்க்கும். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு கிரீம் குடு" என்று வாங்கிப் போடாதே. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீம் முதலில் அரிப்பை அடக்கும், பிறகு படர்தாமரையை உடம்பெங்கும் பரப்பும். அதே வகை ஸ்டீராய்டு கிரீமை முகம் வெளுக்கப் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பருவும் முடியும் வரும். நிறுத்தினால் எரியும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய பல கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று விதி மாற்றியது. சீட்டு கேட்காமல் கொடுத்தாலும் வாங்காமல் வருவது உன் கையில் இருக்கிறது.

உணர்ச்சி குறைந்த வெளிறிய படை: தொட்டால், கிள்ளினால் சரியாகத் தெரியாத வெளிர் திட்டு இருந்தால் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரியில் காட்டு. அது தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முழுதாகக் குணமாகும், நரம்பு கெடுவதற்கு முன் தொடங்கினால் கை கால் கோணாது. வெட்கப்பட இதில் எதுவுமே இல்லை. நமக்குப் பக்கத்தில் வேலூர் கரிகிரியில் 1955-லிருந்து இதற்கென்றே ஒரு நிறுவனம் இயங்கிவருகிறது.

இதெல்லாம் யாரிடம் காட்டுவது என்று யோசிக்காதே. திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. சித்தூரில் இருக்கிறவர்கள் வேலூர் சி.எம்.சி.க்கும் போகலாம்.

மாங்காய்ப் பால் பட்டால்

ஜூன், ஜூலையில் தோத்தாபுரி இறங்கும் காலம். தோப்பிலும் மண்டியிலும் மாங்கூழ் ஃபேக்டரியிலும் நம் பெண்கள்தான் பாதி வேலை செய்கிறார்கள். காம்பை ஒடித்ததும் பீச்சியடிக்கும் பால் தோலில் பட்டால் வெந்து, மறுநாள் கறுப்புப் பொருக்கு கட்டும். மாமரம் முந்திரியின் குடும்பம். முந்திரிக்கொட்டை எண்ணெய் சுடுகிற மாதிரியே இதன் பாலும் சுடும்.

பட்ட உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவு. கழுவு என்றுதான் சொன்னேன், தேய் என்று சொல்லவில்லை. பொருக்கு கட்டினால் பிய்க்காதே, வாசலின் தடவி விடு, தானே விழும். அந்த இடத்தை வெயில் படாமல் மூடு, அப்போதுதான் தழும்பு கறுக்காது. பறிக்கும்போது முழுக்கைச் சட்டை, வேலைக்கு முன் கையில் தேங்காய் எண்ணெய். ஃபேக்டரியில் நாள் முழுக்க ஈரத்தில் கை வைக்கிறவர்கள் ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரவில் கைக்குத் தடிமனாக வாசலின். சாப்பிடும்போது காம்பை அறுத்துப் பாலை வடித்துக் கழுவிய பிறகு தோலை நீக்கித் தின்னு. பழத்தைத் தோலோடு கடித்துச் சப்புகிறவர்களுக்குத்தான் உதட்டோரம் புண் வருகிறது.

மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு

அலிபிரியிலிருந்து திருப்பதி மலைக்கு 3,550 படி. வேண்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள், கால் அழகாக இருக்கட்டும் என்று முந்தின நாள் குதிகாலைச் சுரண்டிவிடுகிறார்கள். அதைச் செய்யாதே. அந்தத் தடித்த தோல்தான் படியில் உன் காலைக் காக்கப் போகிறது. அதை மெலிய வைத்தால் பாதி வழியில் கொப்புளம். சுரண்டுவதெல்லாம் ஒரு வாரத்துக்கு முன்பே முடித்துவிடு. கல் சுடும் மத்தியானத்தில் ஏறாதே.

இறங்கி வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைப் பார். கொப்புளத்தை உடைக்காதே. சர்க்கரை உள்ள அப்பா, அம்மாவுக்குக் கல் குத்தினது கூடத் தெரியாது, நீயே குனிந்து பார்த்துவிடு.

பித்தவெடிப்புக்கு முறை இது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வை. கால் தேய்க்கும் கல்லால் ஒரே திசையில் சில இழுப்பு, அதோடு நிறுத்து. ஈரம் காய்வதற்குள் யூரியா கலந்த கிரீம் தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்கு. ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். பிளேடு எடுத்துச் சீவுவது யாருக்கும் கூடாது, சர்க்கரை உள்ளவர்களுக்கு அது காலுக்கே ஆபத்து.

மொட்டை போட்ட தலைக்கு

மலைமேல் கல்யாண கட்டாவில் முடி கொடுத்துவிட்டு வந்த தலை, பிறந்ததிலிருந்து வெயிலே காணாத தோல். சந்தனம் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் சந்தனம் வெயிலைத் தடுக்காது. தொப்பியோ துண்டோ கட்டாயம். காய்ந்து இறுகிய சந்தனத்தைச் சுரண்டாதே, ஈரத்துணி போட்டு ஊற வைத்துத் துடை. புது பிளேடா என்று பார்த்து உட்கார். கீறல் இருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் பொடி, சீயக்காய், தேய்ப்பு எதுவும் வேண்டாம். கீறல் ஆறியதும் வெளியே போகும்போது தலைக்கும் சன்ஸ்கிரீன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் பருத்தித் தொப்பியும் போதும். மொட்டையில் அப்பியிருக்கும் பழைய பொடுகை நகத்தால் எடுக்காதே, எண்ணெய் வைத்து இளக்கி அலசு.

கங்கம்மா ஜாத்திரை வேஷம் கலைக்கும்போது

மே மாதம் திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை. பைராகி வேஷத்துக்கு வெள்ளை நாமக்கட்டி, பண்ட வேஷத்துக்குக் குங்குமம், தோட்டி வேஷத்துக்குக் கரி, தொர வேஷத்துக்குச் சந்தனம். தம்பிகளும் அண்ணன்களும் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வெயிலில் நடக்கிறார்கள். பூசுவதற்கு அரைமணி முன்னால் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவிக்கொண்டால் நிறம் துளைக்குள் இறங்காது. கலைக்கும்போது சோப்பில் தொடங்காதே. முதலில் எண்ணெய் தடவித் துணியால் ஒற்றி எடு, பிறகு இளகலான பயத்தமாவு, கடைசியில் தண்ணீர். குங்குமம் அரித்தால் உடனே கழுவு. மலிவுக் குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் நெற்றியில் பொட்டு வைக்கும் இடமே வெளுத்தோ கறுத்தோ போகும். தினமும் வைக்கும் குங்குமமோ ஸ்டிக்கர் பொட்டோ அரிக்கிறதென்றால் உடனே மாற்று.

காப்பதற்கு மூன்று வேலை

ஒன்று, சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், பி.ஏ. குறியோடு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீட்டி, இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். பாதி அளவு தடவினால் பாதிப் பலன் கூடக் கிடைக்காது. கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்னால் போடு, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஸ்கூட்டியில் போகிறவர்கள் புறங்கையை மறக்காதீர்கள்.

இரண்டு, ஈரம். குளித்துத் துடைத்த மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. வறண்ட உடம்புக்குத் தேங்காய் எண்ணெயும் வாசலினும் நன்றாகவே வேலை செய்யும். எண்ணெய் முகத்துக்கு ஜெல் வகை.

மூன்று, வெளுப்பு கிரீமை விட்டுவிடு. "ஏழு நாளில் சிவப்பு" என்று பேர் தெரியாத டப்பாவில் வருகிறவற்றில் பாதரசம் இருக்கலாம். மெர்குரி, கலோமல் என்று எழுதியிருந்தால் தொடாதே, எதுவுமே எழுதாமல் இருந்தாலும் தொடாதே. கேரளத்தின் மலப்புறத்தில் 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதித்தது. நம் தோலில் இருக்கும் மெலனின் இந்த ஊர் வெயிலிலிருந்து நம்மைக் காக்கிற கவசம். அதை அழித்துவிட்டு இந்த வெயிலில் எப்படி நடப்பாய்? ஆரோக்கியமான தோல் என்றால் வழவழப்பு, ஈரம், புண் இல்லாமை. எந்த நிறமாக இருந்தாலும் அது அழகு.

வாரக் கணக்கு

ஞாயிறு: எண்ணெய், குளியல் பொடி, பாதத்துக்குக் கல்.
புதன்: உடம்புக்குப் பொடி, முகத்துக்குத் தயிர். முகத்துக்கு அமிலம் பயன்படுத்துகிறவர்கள் தயிருக்குப் பதில் இரவில் அது.
மற்ற நாள்: முகத்துக்கு ஃபேஸ்வாஷ் இரண்டு வேளை, மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன்.
தோல் எரிந்தாலோ உரிந்தாலோ: இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்து. தண்ணீரும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும்.

பலன் தெரிய ஒரு மாதமாவது பொறு. தோலின் சுற்று அவ்வளவு நாள்தான். நாளைக்கே வெளுக்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதே, அது விளம்பரமாக இருந்தாலும் சரி, தெரிந்த அக்காவாக இருந்தாலும் சரி.

இந்த வாரமே நைலான் நாரை எடுத்துப் போட்டுவிட்டு, புது நார் வாங்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு சன்ஸ்கிரீன் வாங்கு. வீட்டில் யாருக்காவது கழுத்து கறுத்திருந்தால் கேலி பேசாமல் கூட்டிக்கொண்டு போய் ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்து வை.